சானிடைசருக்கு அடங்காத வைரஸ்களும் அவற்றின் உறையும்

குழந்தைகள் வார்டில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் பரவிக்கொண்டிருந்த நாட்களில், "ஒவ்வொரு கட்டிலிலும் சானிடைசர் மாட்டியிருக்கிறோமே டாக்டர், பிறகு எப்படிப் பரவுகிறது?" என்று செவிலியர் ஒருவர் என்னிடம் கேட்டார். ஆய்வகத்துக்கு வந்த மல மாதிரிகளில் நோரோவைரஸ் இருந்தது. கைகளைத் தேய்ப்பதில் அவர்கள் குறை வைக்கவில்லை. தேய்த்த பொருள்தான் அந்த வைரஸின் கட்டமைப்புக்குப் பொருந்தவில்லை. எந்த வைரஸை எதைக் கொண்டு அழிக்கலாம் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் வெளிப்புறம் எதனால் ஆனது என்பதே.

செல்லுக்கு வெளியே இருக்கும் வைரஸ் உண்பதில்லை, வளர்வதில்லை, பெருகுவதுமில்லை. உள்ளே டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ., அதைச் சுற்றிப் புரத ஓடு, சில வைரஸ்களில் அந்த ஓட்டுக்கும் மேலே கொழுப்பாலான மெல்லிய உறை: ஏறத்தாழ இவ்வளவுதான் ஒரு வைரஸ் துகள். போலியோ வைரஸின் குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). கொரோனா வைரஸ் சுமார் 100 நானோமீட்டர்.

இவ்வளவு சிறிய துகளுக்குள் அடங்கும் மரபணுப் பொருளும் சிறியதாகத்தான் இருக்க முடியும்; அதனால் பலவகைப் புரதங்களுக்கான குறிப்பை அதில் எழுதிவைக்க இடமில்லை. ஆகவே ஒரே மாதிரியான சிறு புரதங்களைத் திரும்பத் திரும்ப அடுக்கித்தான் வைரஸின் ஓடு கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று, டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை முன்வைத்த பிரான்சிஸ் கிரிக்கும் ஜேம்ஸ் வாட்சனும் 1956இல் வாதிட்டார்கள். அந்த வாதம் சரியாகவே இருந்தது. புகையிலைச் செடியைத் தாக்கும் புகையிலைத் தேமல் வைரஸில் 2,130 ஒரேவகைப் புரதங்கள் ஆர்.என்.ஏ. இழையைச் சுற்றிச் சுருள் படிக்கட்டுப்போல் அடுக்கப்பட்டு, 300 நானோமீட்டர் நீளமுள்ள குச்சியாக நிற்கின்றன. நோரோவைரஸின் ஓட்டில் ஒரே முதன்மைப் புரதத்தின் 180 பிரதிகள் சேர்ந்து, 20 முகங்களும் 12 முனைகளும் கொண்ட இருபதுமுகியின் ஒழுங்கில் ஏறக்குறைய உருண்டையாக அமைகின்றன. இந்த அடுக்கலுக்குக் கொத்தனார் யாரும் தேவையில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி. ஹைன்ஸ் ஃபிரெங்கல்-கான்ராட், ராப்லி வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர்கள் தேமல் வைரஸின் புரதத்தையும் ஆர்.என்.ஏ.வையும் தனித்தனியாகப் பிரித்தெடுத்து, மீண்டும் ஒரே கரைசலில் சேர்த்தபோது, தொற்றும் திறனுள்ள துகள்கள் தாமாகவே உருவானதை 1955இல் காட்டினார்கள்.

புரதங்களுக்கிடையே உள்ள பிணைப்புகள் தனித்தனியே வலுவற்றவை. நூற்றுக்கணக்கில் சேரும்போது ஓடு இறுகிவிடுகிறது. ஆனாலும் அது நிரந்தரமாக இறுகிவிடக் கூடாது, ஏனெனில் வெளியே வெயிலையும் வறட்சியையும், குடலுக்குப் போகும் வைரஸ் என்றால் இரைப்பை அமிலத்தையும் தாங்கிய அதே ஓடு, உரிய செல்லை அடைந்ததும் திறந்து மரபணுப் பொருளை உள்ளே விட வேண்டும். பூட்டியும் இருக்க வேண்டும், திறக்கவும் வேண்டும் என்ற இந்த இரட்டை நிலைதான் வைரஸின் நடத்தையைப் புரிந்துகொள்வதற்கான இடம்.

கொழுப்பு உறையின் கதை வேறு. இன்ஃபுளுயன்சா வைரஸ் செல்லைவிட்டு வெளியேறும்போது செல்லின் சவ்வையே மொட்டுப்போல் பிதுக்கி, அதைப் போர்த்திக்கொண்டு பிரிகிறது. கொரோனா வைரஸ் தன் உறையைச் செல்லுக்கு உள்ளேயிருக்கும் சவ்வுகளிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அடுத்த செல்லைப் பற்றிக்கொள்ள உதவும் கூர்முனைப் புரதங்கள் இந்த உறையில்தான் பதிந்திருக்கின்றன. கூடுதல் உறை கூடுதல் பாதுகாப்பு என்று மாணவர்கள் பலர் எழுதுவார்கள். உண்மையில் அதுவே வைரஸின் பலவீனம். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரையும் மறுமுனை கொழுப்பையும் நாடுவதால் உறை சிதைகிறது. உறை போனால் கூர்முனைகளும் நிலைகுலைகின்றன. சானிடைசரில் உள்ள 60 முதல் 80 சதவீத ஆல்கஹாலும் இதையே செய்கிறது. கலப்பில்லாத ஆல்கஹால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று எண்ண வேண்டாம். புரதத்தை உருக்குலைக்க ஓரளவு தண்ணீரும் வேண்டும்.

நோரோவைரஸுக்கு உருகக் கொழுப்பு உறையே இல்லை. அங்கே சோப்பும் ஓடும் தண்ணீரும் வைரஸைக் கொல்வதில்லை. தோலிலிருந்து பெயர்த்துக் கழுவிவிடுகின்றன, அதுவே போதுமான பயன். தரைக்கும் கட்டில் கம்பிக்கும், வாந்தியை முதலில் துடைத்தெடுத்த பிறகு, 0.1 முதல் 0.5 சதவீதம் குளோரின் உள்ள ஹைப்போகுளோரைட் (பிளீச்) கரைசல் தேவை. அழுக்கின் மேலேயே ஊற்றினால் குளோரின் அழுக்கோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். அமிலம் கலந்த கழிப்பறை திரவத்தோடு அதைச் சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும் என்பதையும் துப்புரவுப் பணியாளர்களிடம் நான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

உறையுள்ளவை எல்லாம் விரைவில் அழியும் என்பது பொதுவிதிதான். ஆனால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உறையுள்ளதாக இருந்தும் உலர்ந்த இரத்தக் கறையில் 7 நாட்கள்வரை தொற்றும் திறனோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கறை படிந்த சவரக் கத்தியைப் பகிர்ந்துகொள்வது ஆபத்தாவது இதனால்தான்.

ஆன்டிபயாட்டிக் கேட்டு வற்புறுத்துபவர்களுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. பெனிசிலின் பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. வைரஸில் அந்தச் சுவரே கிடையாது.

தானாகக் கூடும் இயல்பை மருத்துவம் தன் பக்கமும் திருப்பிக்கொண்டது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. (மனிதப் பாப்பிலோமா வைரஸ்) தடுப்பூசி 2006இல் முதன்முதலாக அனுமதி பெற்றது. அதில் இருப்பது ஓட்டின் முதன்மைப் புரதம் மட்டுமே. அதன் 360 பிரதிகள் ஐந்தைந்தாகச் சேர்ந்து வெறும் ஓடாக அமைகின்றன. உள்ளே டி.என்.ஏ. இல்லாததால் அது பெருகவோ தொற்றவோ முடியாது. "ஊசியால் அந்த நோயே வந்துவிடாதா?" என்று கேட்கும் தாய்மாரிடம் இதை ஒரு காலியான கூடாகச் சொல்லி விளக்குகிறேன்.

ஓட்டையே இலக்காகக் கொண்ட மருந்தும் இப்போது வந்துவிட்டது. எச்.ஐ.வி. சிகிச்சைக்கு 2022இல் அனுமதிக்கப்பட்ட லெனகாபவிர், ஓட்டுப் புரதங்கள் சந்திக்கும் இடுக்கில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதனால் செல்லுக்குள் நுழைந்த பழைய ஓடு உரிய வகையில் திறப்பதும் கெடுகிறது, புதிய ஓடு ஒழுங்காகக் கூடுவதும் கெடுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடப்படும் இந்த ஊசி, தொற்று வராமல் தடுக்கும் மருந்தாகவும் 2025இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.