பார்பிக்யூ வண்டியில் கறி ஏன் தீர்ந்துபோகிறது?

உணவுத் திருவிழாவில் மற்ற வண்டிகளில் நாம் ஆர்டர் கொடுத்த பிறகுதான் அடுப்பில் வேலை தொடங்கும். பார்பிக்யூ வண்டியில் அப்படி இல்லை. நம் முறை வந்ததும் ஒருவர் சூட்டுப் பெட்டியிலிருந்து கன்னங்கரேல் என்று ஒரு கட்டியை எடுத்துப் பலகையில் வைத்து நாலைந்து துண்டு போடுகிறார். தட்டு கைக்கு வந்துவிடுகிறது. ஆனாலும் வரிசை நீண்டுகொண்டே போகும், மதியம் தாண்டினால் ‘தீர்ந்துவிட்டது’ என்று அட்டையும் தொங்கும். இவ்வளவு கூட்டம் வரும் என்று தெரிந்தும் இன்னும் கொஞ்சம் போடக் கூடாதா என்று கடைசியில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அந்த நேரத்தில் போட முடியாது. அன்று மதியம் விற்கும் கறி முந்தின நாள் இரவே புகையடுப்பில் ஏறியிருக்க வேண்டும்.

தணலுக்கு நேர் மேலே வைத்துச் சட்டென்று வாட்டி எடுப்பதை நான் இங்கே சொல்லவில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வளர்ந்த, குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் புகையில் வேகவைக்கும் முறையைச் சொல்கிறேன். அதற்கு எடுப்பது பெரும்பாலும் கடினமான கறி. பன்றியின் தோள், விலா, எல்லாவற்றுக்கும் மேலாக மாட்டின் நெஞ்சுப் பகுதியான பிரிஸ்கெட். மாட்டின் முன்னுடம்பு எடையைத் தாங்குவது இந்த நெஞ்சுத் தசை. நாள் முழுக்க உழைக்கும் தசையில் கொலாஜன் என்ற புரதம் அதிகம். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும் அமைப்பு அது. பிரிஸ்கெட்டை அவசரமாக வாட்டினால் மெல்லவே முடியாமல் போவதற்கு இதுதான் காரணம்.

கறியைச் சூடாக்கும்போது அதற்குள் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்றுக்கொன்று எதிரானவை. தசைநாரில் உள்ள மையோசின் என்ற புரதம் 50 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருக்குலையத் தொடங்கும். 65 டிகிரியைத் தாண்டினால் ஆக்டின் என்ற இன்னொரு தசைப் புரதமும் சேர்ந்துகொள்ளும். நார்கள் சுருங்கி, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே பிதுக்கித் தள்ளும். அதனால்தான் மென்மையான கறியை 60 டிகிரிக்குள் நிறுத்திவிடச் சொல்கிறார்கள். ஆனால் கொலாஜன் அந்தச் சூட்டில் லேசில் அசைந்து கொடுக்காது. ஏறத்தாழ 70 டிகிரிக்கு மேல், அதுவும் பல மணி நேரம் வைத்திருந்தால்தான் அதன் முறுக்கு போதுமான அளவு அவிழ்ந்து ஜெலட்டினாக மாறும். ஆக, கொலாஜன் கரைய வேண்டுமானால் தசைநார் வறண்டே ஆக வேண்டும்.

வண்டியில் கிடைக்கும் நல்ல பிரிஸ்கெட்டின் மையம் 95 டிகிரி வரை போய் வந்தது. கணக்குப்படி அது சக்கையாக இருந்திருக்க வேண்டும். பச்சையாக இருந்தபோது இருந்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயே போய்விட்டது. இருந்தும் வாயில் வைத்தால் சாறு ஊறுவது போல இருக்கிறது. காரணம், நார்களுக்கு நடுவே உருகி நிற்கும் ஜெலட்டினும் கொழுப்பும். மிச்சமிருக்கும் நீரை ஜெலட்டின் குழகுழப்பாக்கி நாக்கில் படியவைக்கிறது. கொழுப்பு வழுக்கலைக் கொடுத்து எச்சிலையும் சுரக்க வைக்கிறது. தண்ணீர் குறைந்த கறிதான் நமக்கு ஈரமான கறியாகத் தெரிகிறது. இந்தச் சமையலில் என்னை அதிகம் வியக்கவைப்பது இந்த ஏமாற்றுதான்.

சரி, சூட்டைக் கூட்டிச் சீக்கிரம் முடிக்கக் கூடாதா? கூடாது. வெப்பம் கறிக்குள் பரவும் வேகம் மிகக் குறைவு. தடிமன் இரண்டு மடங்கானால் மையம் சூடேற ஆகும் நேரம் கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். அடுப்பை 250 டிகிரியில் வைத்தால் நடுப்பகுதி 70ஐத் தொடுவதற்குள் மேல்புறம் கருகிக் கட்டையாகிவிடும். அதனால் 110 முதல் 135 டிகிரி வரையே வைக்கிறார்கள். முழு பிரிஸ்கெட் 10 முதல் 15 மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

இதற்கு நடுவில் ஒரு சோதனை வரும். கறிக்குள் குத்தியிருக்கும் வெப்பமானி ஒழுங்காக ஏறிக்கொண்டே வந்து, 65 - 75 டிகிரிக்குள் எங்கோ ஒரு இடத்தில் நின்றுவிடும். மணிக்கணக்கில் அசையாது. புதிதாகச் செய்பவர்கள் அடுப்பு அணைந்துவிட்டதோ என்று பதறி விறகை அள்ளிப் போடுவது இந்த நேரத்தில்தான். கொலாஜன் உருகுவதற்கு வெப்பம் செலவாகிறது, கொழுப்பு உருகுவதற்குச் செலவாகிறது என்று நெடுங்காலம் விளக்கம் சொல்லிவந்தார்கள். கிரெக் பிளாண்டர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் அதைச் சோதித்துப் பார்த்தார். வெறும் கொழுப்புக் கட்டி ஒன்று, தண்ணீரில் நனைத்த பஞ்சு ஒன்று. புகையடுப்பில் வைத்ததும் கொழுப்புக் கட்டி எங்கும் நிற்காமல் சூடேறியது. நின்றது பஞ்சு. பஞ்சில் கொலாஜனும் இல்லை, கொழுப்பும் இல்லை, இருப்பது தண்ணீர் மட்டும்.

நமக்கு வியர்த்தால் உடம்பு குளிர்வது எப்படியோ அப்படித்தான் இதுவும். கறியின் மேல்புறத்தில் ஈரம் ஆவியாகும்போது அடுப்பு கொடுக்கும் வெப்பத்தை அதுவே எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை உள்வெப்பம் ஏறாது. மேற்புறம் போதுமான அளவு காய்ந்த பிறகுதான் மறுபடி ஏறத் தொடங்கும். அலுமினியத் தாளில் சுற்றிவிட்டால் ஆவி வெளியே போக வழியில்லை, தேக்கமும் இல்லை, சில மணி நேரம் மிச்சம். ஆனால் அந்த ஆவியிலேயே மேல்பட்டை ஊறி மெத்தென்று ஆகிவிடும். அதற்காகத்தான் பலர் கொஞ்சம் ஆவியை வெளியே விடும் தடித்த பழுப்புத் தாளில் சுற்றுகிறார்கள். திருவிழா நாளில் நேரத்துக்குள் முடித்தாக வேண்டிய வண்டிக்காரர் சுற்றுவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அந்தக் கருப்புப் பட்டை கருகல் இல்லை. உப்பு, மிளகு, சில இடங்களில் மிளகாய்ப்பொடியும் சர்க்கரையும் சேர்த்து மேலே தடவுகிறார்கள். உப்பு மட்டும்தான் கறிக்குள் மெல்ல இறங்கும், மற்றவை எல்லாம் மேலேயே நிற்கும். கசியும் புரதமும் கொழுப்பும் இந்தப் பொடியோடு கலந்து காய்ந்து இறுகுகின்றன. அதோடு, 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் விவரித்த வினையும் நடக்கிறது. அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் உண்டாக்கும் வினை அது. 140 டிகிரிக்கு மேல்தான் வேகம் பிடிக்கும் என்றாலும், பத்து மணி நேரம் அவகாசம் கொடுத்தால் அதற்குக் கீழேயும் நடந்துவிடும்.

அடுத்து புகை. மரம் என்பது பெரும்பாலும் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்ற மூன்று பொருள்கள்தாம். முதல் இரண்டும் சர்க்கரைகளால் ஆனவை. சூட்டில் சிதையும்போது இனிப்பான வாசனைகளையும் கறிக்கு நிறம் ஏற்றும் பொருள்களையும் கொடுக்கும். லிக்னின் சிதைந்தால் பீனால் வகைச் சேர்மங்கள் வரும். அவற்றில் குவையகால் புகைச்சுவைக்கும் சிரிங்கால் புகைமணத்துக்கும் பெரிதும் காரணம். ஓக், ஹிக்கரி போன்ற கடின மரங்களின் லிக்னினில் இரண்டுக்கும் மூலப்பொருள் உண்டு. பைன் போன்ற ஊசியிலை மரங்களில் சிரிங்கால் தரும் பகுதி அநேகமாக இல்லை, பிசின் வேறு ஏராளம். அதை எரித்தால் கரிப்புகையும் கசப்பும்தான் மிஞ்சும்.

வண்டிக்குப் பின்னால் நிற்கும் அடுப்பின் புகைபோக்கியை ஒருமுறை பாருங்கள். வெள்ளை வெளேரென்று கெட்டியாகப் புகை வந்தால் நெருப்புக்குக் காற்று போதவில்லை, அல்லது விறகு ஈரம். வெளிச்சத்தின் அலைநீளத்தைவிடப் பெரிய துளிகள் எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிப்பதால் அது வெள்ளையாகத் தெரிகிறது. அப்படிக் கெட்டியாக வரும் புகை கறிமேல் படிந்தால் நாக்கு மரத்துப்போகிற மாதிரி கசக்கும். சின்னதாக, சுத்தமாக எரியும் நெருப்பில் துகள்கள் மிக நுண்ணியவை. அவை நீலத்தையே அதிகம் சிதறடிக்கும், வானம் நீலமாகத் தெரிவதற்குச் சொல்லும் அதே காரணம். லேசான நீலப் புகை, அதுவும் உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு வந்தால், தைரியமாக வரிசையில் நிற்கலாம். சமைப்பவருக்கோ தன் புகையின் வாசனை தெரியாது. பல மணி நேரம் அதிலேயே நிற்பவரின் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். கண்ணை நம்பித்தான் அவர் வேலை செய்கிறார்.

இந்த அடுப்புகளில் நெருப்பு ஒரு ஓரத்தில் தனிப் பெட்டியில் எரியும், கறி பக்கத்து அறையில் இருக்கும். புகைபோக்கி வழியே சூடான காற்று மேலே ஏறும்போது ஏற்படும் இழுப்பில் புகை கறியைத் தடவிக்கொண்டு போகிறது. கொழுப்பு தணலில் சொட்டாததால், நேரடித் தணலில் வாட்டும்போது அதிகம் உண்டாகும் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்க் காரணிகள் இங்கே குறைகின்றன. அறவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, புகையிலேயே கொஞ்சம் இருக்கும்.

வெட்டிய துண்டின் ஓரத்தில் தெரியும் ரோஜா நிற வளையத்தைப் படம் எடுக்காதவர் குறைவு. நெருப்பிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கறியின் மேற்பகுதியில் கரைந்து, அங்கே இருக்கும் மையோகுளோபின் என்ற நிறப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. அதனால் வெந்த பிறகும் சிவப்பு போவதில்லை. அந்த வளையத்துக்குச் சுவை கிடையாது. நைட்ரைட் கலந்த உப்பைத் தடவினால் புகையே இல்லாமலும் வரவைக்கலாம். போட்டிகள் நடத்தும் கேன்சஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டி அதற்கு மதிப்பெண் போட வேண்டாம் என்று நடுவர்களிடம் சொல்வதும் இதனால்தான்.

வெந்து முடிந்த கறியை அப்படியே வெட்டுவதில்லை. 60 - 65 டிகிரியில் மூடிய சூட்டுப் பெட்டியில் சில மணி நேரம் வைக்கிறார்கள். திருவிழா வண்டிக்கு உயிர்நாடி இந்தப் பெட்டிதான். சூடு தணியத் தணிய ஜெலட்டின் கலந்த சாறு கெட்டியாகி, வெட்டும்போது பலகையில் ஓடாமல் கறியிலேயே நிற்கும். மிச்சமிருக்கும் கொலாஜனும் மெதுவாகக் கரைந்துகொண்டிருக்கும். ஆனால் இதற்குக் கீழே அதிகம் இறங்க விடக் கூடாது. அமெரிக்க உணவு விதிகள் சூடான உணவை 57 டிகிரிக்குக் குறையாமல் வைக்கச் சொல்கின்றன. இரவெல்லாம் வெந்தாலும் சாகாத குளோஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் பாக்டீரியாவின் வித்துகள், வெதுவெதுப்பான கறியில் முளைத்து வேகமாகப் பெருகும். மேலும் நெடுநேரம் வைத்தால் கறி குழைந்து நார் நாராக உதிரும். ஆக, இந்தப் பெட்டியில் நேரத்தைக் கொஞ்சம் சேமித்து வைக்கலாம், அதற்கும் ஓர் எல்லை உண்டு. இரவில் எத்தனை கட்டி அடுப்பில் இடம் பிடித்ததோ அத்தனைதான் அன்றைய விற்பனை.

தட்டு வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்கலாம். முன்கூட்டியே வெட்டிக் குவித்திருந்தால் கொஞ்சம் யோசியுங்கள், வெட்டிய பரப்பிலிருந்து ஈரம் நிமிடங்களில் போய்விடும். நாருக்குக் குறுக்கே வெட்டுகிறார்களா என்றும் பாருங்கள். நார் நீளமாக இருந்தால் எவ்வளவு நன்றாக வெந்திருந்தாலும் பல்லுக்கு வேலைதான். கொழுப்புள்ள பக்கம் வேண்டுமா, கொழுப்பில்லாத பக்கமா என்று கேட்டால் நான் யோசிக்காமல் முதலாவதைச் சொல்வேன். சாஸை ஓரமாக வாங்கிக்கொண்டு, முதல் வாய் வெறும் கறியாகச் சாப்பிடுவது என் வழக்கம். ஊறுகாய் வெள்ளரியும் வெங்காயமும் சும்மா வைக்கப்படவில்லை, அவற்றின் புளிப்பும் காரமும் கொழுப்பின் திகட்டலைக் குறைக்கும்.

அப்புறம், நின்றபடியே சாப்பிட்டுவிடுங்கள். மாட்டுக்கொழுப்பு 40 டிகிரி அளவிலேயே உறையத் தொடங்கும், பிறகு மேலண்ணத்தில் மெழுகு அப்பியது போல இருக்கும். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால் துண்டுகளை மூடி, சொட்டுத் தண்ணீர் விட்டு ஆவியில் சூடாக்குங்கள், ஜெலட்டின் மறுபடி இளகும். சாதாரணமாக வேகவைத்த மாட்டுக்கறியை மறுநாள் சூடாக்கினால் ஒரு பழைய வாடை வரும். சமைக்கும்போது வெளிப்பட்ட இரும்பு, கொழுப்பை ஆக்சிஜனோடு வினைபுரியத் தூண்டுவதால் வரும் வாடை அது. புகைக் கறியில் அது குறைவு. மணம் கொடுத்த அதே பீனால்கள் அந்த வினையைத் தடுக்கவும் செய்கின்றன.