சளிப் பரிசோதனைச் சீட்டில் நோயின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ள குழந்தையின் சளி எங்கள் நுண்ணுயிரியல் லேபுக்கு வரும்போது, சீட்டில் பல நேரம் 'இருமல், காய்ச்சல்' என்றுதான் இருக்கும். உடனே அது சாதாரண நிமோனியாச் சளிகளோடு சேர்ந்துவிடும். இந்த நோய்க்கு அது போதாது.

சி.எஃப்.டி.ஆர். மரபணுக் கோளாறால் இந்தக் குழந்தைகளின் நுரையீரலில் சளி கெட்டிப்பட்டுத் தங்குகிறது. அதில் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற கிருமி குடியேறினால், ஆரம்பத்திலேயே பிடிக்க வேண்டும். டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை நெபுலைசரில் 28 நாள் கொடுத்தால் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் போய்விடும். விட்டுவிட்டால் கிருமி ஆல்ஜினேட் என்ற கொழகொழப்பான உறைக்குள் புகுந்துகொள்ளும். அப்புறம் அடக்கி வைக்கலாம், ஒழிப்பது மிகக் கடினம்.

சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் சூடோமோனாஸ் தெரிய இரண்டு மூன்று நாளாகும். எனக்கு அதைவிடக் கவலை பர்க்கோல்டேரியா செபேசியா என்ற இன்னொரு கிருமி. மெதுவாக வளரும்; மற்றக் கிருமிகள் முந்திக்கொண்டு அதை மறைத்துவிடும். அதற்கென்று தனி ஊடகத்தில், அதாவது கிருமி வளரும் சத்துக்கலவையில், ஐந்து நாள் வரை வைத்துப் பார்க்க வேண்டும். நோயின் பெயரே தெரியாத லேப் அந்த ஊடகத்தைப் போடாது. வளர்ந்தாலும் வழக்கமான சோதனைகள் வேறு கிருமியின் பெயரைச் சொல்லிவிடுவதுண்டு. இது நோயாளியிடமிருந்து நோயாளிக்குப் பரவக்கூடியது. கனடாவிலும் பிரிட்டனிலும் ஒரே வகைக் கிருமி பலரிடம் பரவி உயிர்களைப் பறித்த பிறகே, 1990களில் இந்த நோயாளிகளை ஒருவரோடொருவர் பழகவிடாமல் பிரித்து வைக்கத் தொடங்கினார்கள். ஐந்து நாள் தாமதத்துக்குள் இன்னொரு குழந்தை அதே வெயிட்டிங் ஹாலில் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம்.

பி.சி.ஆர். இங்கேதான் உதவுகிறது. சளியிலிருந்தே டி.என்.ஏ.வைப் பிரித்து, அந்தக் கிருமிக்கே உரிய மரபணுப் பகுதி இருக்கிறதா என்று சில மணி நேரத்தில் சொல்லிவிடும். சின்னக் குழந்தைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவார்கள். தொண்டை ஸ்வாப்தான் கிடைக்கும். அதில் கிருமி குறைவாக இருந்தாலும் பி.சி.ஆர். கண்டுபிடிக்க வாய்ப்பு அதிகம்.

அதற்காகக் கல்ச்சரை விட்டுவிடக் கூடாது. செத்த கிருமியின் டி.என்.ஏ.வும் பாசிட்டிவ் காட்டும். எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்பதைச் சொல்ல உயிருள்ள கிருமி வளர்ந்தாக வேண்டும். முடிந்தவரை புது ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே சளியை எடுத்து, இரண்டு பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். ஏற்கெனவே மருந்து ஓடுகிறது என்றால் அதன் பெயரையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.