பத்திரமாக வைத்தது எங்கே?

"தொலைக்கல டாக்டரம்மா. பத்திரமா வச்சேன். எந்த இடம்னுதான் தெரியல."

போன வருடம் என் எதிரில் உட்கார்ந்து ஒருவர் இப்படிச் சொன்னார். (நான் மருந்து எழுதும் டாக்டர் இல்லை, நினைவாற்றல் சோதனைகள் செய்யும் மருத்துவ உளவியலாளர். சொல்லியும் பார்த்துவிட்டேன், யாரும் கேட்பதாக இல்லை.) ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 67. சாவி கொடுக்கும் பழைய வாட்சுகளைப் பிரித்துச் சரிசெய்வது அவர் பொழுதுபோக்கு. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

காணாமல் போனது ஒரு எச்எம்டி ஜனதாவின் பேலன்ஸ் வீல். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. வாட்சுக்குள் நொடிக்கு ஐந்து முறை 'டிக்' என்று கேட்கிறதே, அது இந்தச் சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடுவதால் வருவது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் எச்எம்டி வாட்ச் செய்யத் தொடங்கியது. எச்எம்டி வாட்சஸ் நிறுவனத்தை மூடலாம் என்று மத்திய அரசு 2016-இல் முடிவெடுத்தது. இப்போது பாகம் வேண்டுமென்றால் ஓடாத இன்னொரு வாட்சைத் தேடிப் பிடித்துப் பிரிக்க வேண்டும். இவரும் ஒரு பழைய வாட்ச் கடையில் ஆறு மாதம் சொல்லி வைத்துத்தான் வாங்கியிருக்கிறார். வாங்கி வந்த அன்று விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். மேஜையில் இருந்தால் யாராவது தட்டிவிடுவார்கள் என்று, பழைய கேமரா ஃபிலிம் டப்பாவில் போட்டு, மூடி, "பத்திரமான" ஓர் இடத்தில் வைத்தார். அடுத்த வாரம் தேடினால் இல்லை.

இரண்டு மாதம் தேடினார். கருவிப் பெட்டியைக் கவிழ்த்தார், மேஜை இழுப்பறைகளை வெளியே எடுத்துப் பின்புறம் டார்ச் அடித்தார், பரணில் ஏறினார். மனைவி அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைத்து வேண்டிக்கொண்டார். நடுவில் ஒருநாள் கோபத்தில், "பெருக்கும்போது அள்ளிக் கொட்டியிருப்பே" என்று வீட்டு வேலைக்கு வரும் அம்மாவைச் சொல்லிவிட்டார். அவர் மறுநாளிலிருந்து வரவில்லை. அப்புறம்தான் மகன் பயந்துபோய் இங்கே அழைத்து வந்தார். அப்பாவுக்கு மறதி நோய் ஆரம்பித்துவிட்டதோ என்பது அவர் கவலை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் சோதித்தேன். சொன்ன சொற்களை இடைவெளி விட்டு நினைவுகூர்வது, கடிகாரம் வரைவது (இதில் அவர் என்னையே திருத்தினார்), பின்னோக்கிக் கழித்துக்கொண்டே போவது, கதையைத் திருப்பிச் சொல்வது எல்லாம் வயதுக்கு நன்றாகவே இருந்தன. 30-க்கு 28. வீட்டுக் கணக்கு வழக்கெல்லாம் அவர்தான் பார்க்கிறார், தப்பு இல்லை. நோய் இல்லை என்று சொன்னதும் மகன் முகம் தெளிந்தது. அவர் முகம் தெளியவில்லை. "அப்ப பேலன்ஸ் எங்கே?" என்றார்.

நியாயமான கேள்வி. உளவியலில் இதற்கென்றே ஓர் ஆய்வு இருக்கிறது. யூஜீன் வினோகிராட், ராபர்ட் சொலோவே என்ற இருவர் 1986-இல் வெளியிட்டது. ஒரு பொருள், அது இருக்கும் இடம் என்று இணை இணையாகச் சொல்லிப் பிறகு கேட்டார்கள். அந்தப் பொருளுக்குப் பொருத்தமான, வழக்கமான இடமென்றால் நினைவு நன்றாக இருந்தது. வழக்கத்துக்கு மாறான, விசேஷமான இடமென்றால் மறப்பது கூடியது. வித்தியாசமான இடத்தில் வைத்தால் நன்றாக ஞாபகம் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோமே, நடப்பது நேர்மாறு.

ஏன் என்பதை நான் இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறேன். வைக்கும் நேரத்தில் நம் மனதில் இருப்பது அந்தப் பொருளின் மதிப்பு. "திரும்பக் கிடைக்காது, குழந்தை கையில் படக் கூடாது, யாரும் எடுத்துவிடக் கூடாது." மதிப்பான பொருளுக்கு மதிப்பான இடம் என்று கை தானாகப் போகிறது. ஒரு வாரம் கழித்துத் தேடும்போது மனதில் இருப்பது மதிப்பு இல்லை, அது என்ன பொருள் என்பதுதான். வாட்ச் பாகமா, அப்படியானால் வாட்ச் பாகங்கள் இருக்கும் இடத்தில் பார். வைத்தது ஒரு வழியில், தேடுவது இன்னொரு வழியில். இரண்டும் சந்திப்பதே இல்லை. பால் எங்கே என்று கேட்டால் ஃபிரிட்ஜ் என்று பொருளே இடத்தைச் சொல்லிக் கொடுத்துவிடும். பேலன்ஸ் எங்கே என்று கேட்டால், அது ஒருநாளும் பீரோவைச் சொல்லாது.

ஆமாம், பீரோவில்தான் இருந்தது. போகிக்குச் சுத்தம் செய்தபோது அவர் மனைவி கண்டெடுத்தார். பீரோ லாக்கரில், வீட்டுப் பத்திரம் வைத்திருக்கும் உறைக்குள். பத்திரமாக வைக்க வேண்டியதைப் பத்திரத்தோடு வைத்திருக்கிறார் மனிதர். போனில் சொல்லிவிட்டு அந்த அம்மா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

நான் சிரிக்கத் தகுதி இல்லாதவள் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். எனக்குத் தையல் பைத்தியம் உண்டு. வீடு மாறும்போது மெஷினின் பாபின் கேஸ் விழுந்துவிடக் கூடாதே என்று கழற்றிப் பத்திரப்படுத்தினேன். புது வீட்டில் எங்கே தேடியும் இல்லை. மூன்று மாதம் கழித்து வேறொன்று வாங்கினேன். இதுவாவது தொலையக் கூடாது என்று நினைத்து, நேராகப் போய் வெள்ளிக் கிண்ணங்கள் இருக்கும் டப்பாவைத் திறந்தேன். உள்ளே பழையது உட்கார்ந்திருந்தது.

புதிதாக வாங்கி வைக்கப் போனால் பழையது கிடைக்கிறது என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். இது விதியின் விளையாட்டு இல்லை. இரண்டாவது முறை நாம் 'தேடும்' மனதோடு போகவில்லை, 'வைக்கும்' மனதோடு போகிறோம். அதே மனம் அதே இடத்துக்கு அழைத்துப் போகிறது. இதைக் காசு செலவில்லாமலும் செய்யலாம். அதே அளவில் ஒரு சின்னப் பொருளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்ததை மறந்துவிட்டு, "இது ரொம்ப முக்கியமானது, இப்போது எங்கே வைப்பேன்?" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடங்கள். வைத்த அன்று என்ன அவசரம், யார் வந்திருந்தார்கள், எந்த அறையில் நின்றீர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். எல்லா முறையும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதே இழுப்பறையை ஏழாவது தடவை கவிழ்ப்பதைவிட மேல். தேடத் தொடங்குமுன் கொஞ்ச நேரம் உட்காருவதும் நல்லது. படபடப்பில் தேடுகிறவர் கண்முன் இருப்பதையே தாண்டிப் போவார். அரைக்காசு அம்மனுக்கு வேண்டிக்கொள்கிறவர்கள் அந்த இரண்டு நிமிடம் அமைதியாக உட்கார்கிறார்கள் இல்லையா, உளவியல் கணக்கில் அதுவும் நல்ல பழக்கம்தான்.

வைக்கும் விஷயத்தில் நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது. பொக்கிஷத்தைச் சாதாரண இடத்தில் வையுங்கள். வாட்ச் பாகம் வாட்ச் பெட்டியில், பாபின் தையல் பெட்டியில், ரேடியோ வால்வு மற்ற வால்வுகளோடு. உடையும், உருளும் என்றால் மூடியுள்ள டப்பாவில் போட்டு அந்த இடத்திலேயே வையுங்கள், டப்பா மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள். வேறு வழியே இல்லாமல் பீரோவில்தான் வைக்க வேண்டும் என்றால், "பேலன்ஸைப் பத்திர உறைக்குள் வைக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், வீட்டில் இன்னொருவர் காதில் விழுகிற மாதிரி. திறந்த பீரோவோடு சேர்த்து போனில் ஒரு படம் எடுத்தால் இன்னும் நல்லது. ஒருமுறை வைத்ததை "இன்னும் பத்திரமான" இடத்துக்கு மாற்றுவது மட்டும் கூடவே கூடாது. பழைய இடத்தின் ஞாபகம் அழியாது, புதியதோடு போட்டி போடும், தேடும்போது பழையதுதான் முந்திக்கொண்டு வரும்.

என் துறை இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காணாமல் போனது பட்டன் பேட்டரியாக இருந்து, வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பெரிய லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, எப்போதுதான் மறதியைப் பார்த்துப் பயப்படுவது? இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் இருக்கலாம் என்பது 2023-இல் வெளியான மதிப்பீடு. அதனால் மகன் பயந்ததை நான் குறை சொல்லவில்லை. வித்தியாசம் இருக்கிறது. இன்னொரு அம்மா வந்திருந்தார், ஓய்வு பெற்ற ஆசிரியை, மணி கோத்து நகை செய்கிறவர். அவருடைய மணிகளும் ஊசிகளும் அரிசி டப்பாவிலும் ஃபிரிட்ஜிலும் கிடைத்தன. எடுத்துக் காட்டினாலும் "நான் அங்கே வைக்கவே இல்லையே" என்றார். மருமகள்தான் எடுத்து ஒளிக்கிறாள் என்று உறுதியாக நம்பினார். ஒரே கேள்வியை அரை மணிக்குள் நான்கு தடவை கேட்டார். பல வருடமாகக் கை தானாகச் செய்த கோர்வை அவருக்கு இப்போது பிடிபடவில்லை.

நம் வாட்ச்காரருக்கு வைத்தது ஞாபகம் இருந்தது, இடம்தான் மறந்தது. எதற்கு வைத்தோம், அந்த ஃபிலிம் டப்பா என்ன நிறம் என்பதுவரை சொன்னார். இந்த அம்மாவுக்கு வைத்த நிகழ்ச்சியே பதியவில்லை. (யோசனையில்லாமல் சாவியை எங்காவது போட்டுவிட்டு நாம் எல்லோரும் முழிப்பது வேறு, அது கவனிக்காததால் பதியாதது. அதை வைத்துப் பயப்பட வேண்டாம்.) தெரிந்த தெருவில் வழி தப்புவது, பணக் கணக்கில் புதிதாகத் தடுமாறுவது, பழகிய வேலையின் வரிசை மறப்பது இவையெல்லாம் சேர்ந்து, மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனால் காட்டிவிட வேண்டும். காட்டினால் எல்லாம் டிமென்ஷியா என்றும் ஆகிவிடாது. பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தூக்கக் கோளாறு, காது மந்தம், தூக்கம் வரவைக்கும் சில சளி மாத்திரைகள்கூட நினைவைக் குழப்பும். இவற்றில் பலவும் சரிசெய்யக் கூடியவை. எங்கே போவது என்று தெரியாவிட்டால், மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567-இல் கேட்கலாம்.

"யாரோ எடுத்துவிட்டார்கள்" என்ற எண்ணம் டிமென்ஷியாவில் அடிக்கடி வருவது. நினைவில் இருக்கும் ஓட்டையை மூளை ஒரு திருடனை வைத்து அடைக்கிறது. அவரோடு வாதாடிப் பயனில்லை, கூடச் சேர்ந்து தேடுங்கள், முடிந்தால் இன்னொரு செட் வாங்கி வையுங்கள். அந்த மருமகளிடமும் இதைத்தான் சொன்னேன். ஒன்பது மாதமாகத் திருடி என்று கேட்டுக்கொண்டிருந்தவர், நோயின் அறிகுறி என்று தெரிந்ததும் என் அறையிலேயே அழுதுவிட்டார்.

ஆனால் நோய் எதுவும் இல்லாத நாமும் அதைத்தானே செய்கிறோம்? பொருள் காணோம் என்றதும் முதலில் பார்ப்பது வேலைக்கு வருகிறவர் முகத்தை. வாட்ச்காரரிடம் இதைக் கொஞ்சம் அழுத்தியே கேட்டேன். பேலன்ஸ் கிடைத்த பிறகு அந்த அம்மா வீட்டைத் தேடிப் போய்த் தப்பு என்மேல்தான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். திரும்ப வேலைக்கு வரச் சொல்லிக் கேட்டாராம். அவர் வேறு வீட்டில் சேர்ந்துவிட்டார், அங்கே மாதம் ஐந்நூறு ரூபாய் கூடவாம்.