வெனேஷன்னா என்ன? கல்லுல இருக்கற இலைக்கு நரம்பு பாக்கறது

பாசில் இலை, அதாவது தொல்லுயிர் எச்சமா கல்லுல பதிஞ்ச இலை, அத அடையாளம் கண்டுபிடிக்கறத பத்தி எது படிச்சாலும் வெனேஷன்னு ஒரு வார்த்தை வந்து நிக்கும். தமிழ்ல நரம்பமைவு, அதாவது இலைல நரம்பு ஓடற விதம். ஸ்கூல் தாவரவியல்ல படிச்சது தான்.

லத்தீன்ல வேனான்னா ரத்தக்குழாய், அதுல இருந்து வந்த வார்த்தை இது. அப்போ சிரைன்னு தானே சொல்லணும், நரம்புன்னா நர்வ் ஆச்சேன்னு சிலர் கேக்கறாங்க, எனக்கு இதுல சம்மதமே இல்ல. ஆஸ்பத்திரில ட்ரிப்ஸ் ஏத்தும்போது "நரம்பு கிடைக்கல, கைய நல்லா மூடுங்க"ன்னு சொல்றாங்களே, அங்க ஊசி போறது ரத்தக்குழாய்க்குள்ள தான். யாழ்ல கட்டறதுக்கும் நரம்புன்னு தான் பேரு. இழையா நீளமா ஓடற எல்லாத்துக்கும் பொருந்தற வார்த்தை, இலைக்குள்ள தண்ணியும் சத்தும் கொண்டுபோற குழாய்க்கு இத விட நல்லதா ஒண்ணு வேணுமா?

தென்னை ஓலைல நடு நரம்புக்கு ஈர்க்குன்னு தனி பேரே இருக்கு, துடைப்பம் கட்டறோமே அதே ஈர்க்குச்சி. தொல்காப்பியத்துலயே புல் வகையோட உறுப்புகள்ல ஈர்க்கும் வருது.

சரி, நரம்ப ஏன் பாக்கணும், வடிவம் போதாதா? போதாது. முசுக்கொட்டை மரத்துல ஒரே கிளைல ஒரு இலை முழுசா இருக்கும், பக்கத்து இலை மடல் மடலா வெட்டி விட்ட மாதிரி இருக்கும், இது தனித்தனியா கல்லுல கிடைச்சா ரெண்டு செடின்னு தான் நினைப்போம். நரம்பு அவ்வளவு சீக்கிரம் ஏமாத்தாது. அரச இலைய தண்ணில ஊறப்போட்டா சதை அழுகிப் போயி நரம்பு வலை மட்டும் நிக்கும்ல, அந்த உறுதி தான் காரணம்.

குளோசாப்டெரிஸ்னு ஒரு பாசில் இலை நல்ல உதாரணம். 1828ல பிரான்யார்ங்கற பிரெஞ்சு தாவரவியலாளர் வெச்ச பேரு, கிரேக்கத்துல குளோசா நாக்கு, டெரிஸ் பெரணி. ஆனா அது பெரணியே இல்ல, விதை வர்ற செடி, அதனால நாக்குப்பெரணின்னு அப்படியே பெயர்க்காம நாவிலைன்னு சொன்னா தப்பு தமிழ்லயும் தொடராது. அதே நாக்கு வடிவத்துல காங்கமாப்டெரிஸ்னு இன்னொண்ணு இருக்கு. முன்னதுல நடு நரம்பு தெளிவா ஓடும், ரெண்டு பக்கமும் வலைப்பின்னல். பின்னதுல வலை உண்டு, நடு நரம்பு கிடையாது. வித்தியாசமே அவ்வளவு தான்!

நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துலயும் 10 கோடி வருஷத்துக்கு மேல பழசான டைலோபில்லம் இலைங்க களிக்கல்லுல கிடைச்சிருக்கு, கிரேக்கத்துல இறகு இலைன்னு அர்த்தம், நான் இறகிலைன்னே சொல்வேன். பாத்தா குட்டி தென்னங்கீத்து மாதிரி இருக்கும், சின்ன இலை ஒவ்வொண்ணுலயும் நரம்பு ஒண்ணுக்கொண்ணு இணையா ஓடும், ஆனா தென்னைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அந்த வம்சமே அழிஞ்சு போச்சு.

இந்த மாதிரி கல்ல பாக்கும்போது போன் டார்ச்ச பக்கவாட்டுல தாழ்வா சாய்ச்சு அடிச்சு பாருங்க, அப்போ தான் நரம்பு நிழல் விழுந்து எழும்பி தெரியும், நேரா அடிச்சா வெறும் கல்லு தான்.