வயிற்றுப்போக்கு: வெறும் தண்ணீர் ஏன் போதாது?

குடலிலிருந்து ரத்தத்துக்குத் தண்ணீரை இறைக்கும் பம்பு எதுவும் நம் உடலில் இல்லை. கரைந்த துகள்கள் எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம் தண்ணீர் போகும். அதனால் வயிற்றுப்போக்கில் எவ்வளவு குடிக்கிறோம் என்பதோடு, அதில் என்ன கரைந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சிறுகுடல் செல்களில் எஸ்ஜிஎல்டி1 என்ற புரதம் இருக்கிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறையும் இரண்டு சோடியம் அயனிகளையும் அது சேர்த்தேதான் உள்ளே எடுக்கும். பின்னாலேயே தண்ணீர் போகும். காலரா நச்சு குளோரைடைக் குடலுக்குள் கொட்டவைத்தாலும் இந்தப் புரதத்தை முடக்குவதில்லை. உப்பும் குளுக்கோஸும் கலந்த ஓஆர்எஸ் என்ற நீரேற்றக் கரைசல் பலிப்பது இதனால்தான்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ் கலவையில், லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சமையல் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட். மொத்தச் செறிவு லிட்டருக்கு 245 மில்லிஆஸ்மோல் (கரைந்த துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு). ரத்தத்தில் இது 275 முதல் 295 வரை. பழைய கலவை 311 ஆக, ரத்தத்தையே மிஞ்சியது. அதனால்தான் 2002இல் குறைத்தார்கள்.

சிங்கப்பூரில் தேக்காவில் வாங்கினாலும் பேட்டைக் கடையில் வாங்கினாலும், முதலில் பொட்டலத்தில் எத்தனை மில்லிலிட்டர் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். 200 மில்லிக்கானதும் உண்டு, ஒரு லிட்டருக்கானதும் உண்டு. லிட்டர் பொட்டலத்தை ஒரு குவளையில் கரைத்தால் செறிவு நாலைந்து மடங்காகி, தண்ணீர் எதிர்த்திசையில் குடலுக்குள் இறங்கும். குழந்தைக்கு ரத்தச் சோடியமும் ஏறும். ‘பாதி இன்றைக்கு, பாதி நாளைக்கு’ என்று தூளைப் பிரிக்கவும் வேண்டாம், ஒரு பாதியில் உப்பு கூடலாம். இங்கே குழாய்த் தண்ணீர் போதும். கைக்குழந்தைக்கு மட்டும் கொதிக்கவைத்து ஆறிய நீர். கரைத்த பிறகு கொதிக்கவைக்கக் கூடாது. குளிர்பதனப் பெட்டியில் 24 மணி நேரம் வைக்கலாம், அதன் பிறகு மீதியைக் கீழே ஊற்றிவிடுங்கள்.

வாந்தி இருந்தால் ஓரிரு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி. கடகடவென்று குடித்தால் வெளியே வரும்.

காப்பிக்கடைக் குளிர்பானம் உதவாது. பானங்களில் ஒட்டும் நியூட்ரி-கிரேட் தரக் குறியீட்டில் ‘டி’ என்றால் பெரும்பாலும் 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை, ஓஆர்எஸ்ஸைப் போல் ஏழு மடங்குக்கும் மேல். சோடியமோ பெயருக்குத்தான். சர்க்கரையில்லாப் பானத்தின் இனிப்பூட்டி எஸ்ஜிஎல்டி1 புரதத்தில் ஏறுவதே இல்லை. ஐசோடானிக் பானம் வெயிலில் வேலை செய்து வியர்த்தவருக்குச் சரி. வயிற்றுப்போக்குக்கு அதில் சோடியம் பற்றாது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு.

உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க வேண்டாம். செறிவைத் தீர்மானிப்பது துகள்களின் எடையல்ல, எண்ணிக்கை. கஞ்சியிலுள்ள ஸ்டார்ச்சு (மாவுச்சத்து) ஆயிரக்கணக்கான குளுக்கோஸ்கள் கோத்த ஒரே மூலக்கூறு என்பதால் செறிவை ஏற்றாமல் குளுக்கோஸை மெல்ல மெல்ல விடுகிறது. நீர்க்கக் காய்ச்சுங்கள்.

பொட்டலம் கிடைக்காத அவசரத்துக்கு: ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய 6 தேக்கரண்டிச் சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள்.

சிறுநீரக நோயாளிகள் பொட்டாசியத்துக்காக மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடிக்கட்டும். மலத்தில் ரத்தம், சிறுநீர் நின்றுபோதல், குழந்தையின் கண் குழிதல் என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள். ஆள் மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.