கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு ஓவியத்தின் மதிப்பை மாற்றுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். தோட்டம் விற்கப்பட்டபோது டவுனுக்கு இடம் மாறிய மாரியம்மன் கோவிலில், ரப்பர் ஆலைத் தொழிலாளி ஒருவர் போருக்கு முன்பு பலகையில் வரைந்த முருகன் படம் ஒன்று இருக்கிறது. குடமுழுக்கை ஒட்டி அதைத் துல்லியமாக ஸ்கேன் செய்து, அதே அளவில் அச்சிட்டு மாட்டிவிட்டுப் பழைய பலகையைக் கேட்பவருக்கு விற்றுவிடலாம் என்று நிர்வாகக் குழுவில் ஒரு சாரார் சொல்கிறார்களாம்; பலகையில்தான் சக்தி இருக்கிறது என்று மறு சாரார் மறுக்கிறார்களாம். பத்தடி தள்ளி நின்றால் யாராலும் இரண்டையும் பிரித்தறிய முடியாது என்னும்போது, அசலுக்கு மட்டும் தனி மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்கிறார்.

சக்தி என்ற விளக்கம் எனக்கு உடன்பாடானதல்ல. ஆனாலும் மறு சாராரின் முடிவு சரியென்றே நினைக்கிறேன்; அதற்கான காரணத்தை ஒரு மோசடி வழக்கிலிருந்து தொடங்கலாம்.

டச்சு ஓவியர் ஹான் வான் மீகரன், 17ஆம் நூற்றாண்டின் வெர்மீர் வரைந்ததுபோலவே எம்மாவு ஊரில் இயேசு அப்பம் பிட்கும் காட்சியைத் தீட்டினார். அக்காலத்தின் பெரிய நிபுணரான ஆபிரகாம் பிரேடியஸ் 1937இல் அதை வெர்மீரின் தலைசிறந்த படைப்பென்றே புகழ, ராட்டர்டாமின் பாய்மன்ஸ் அருங்காட்சியகம் அதை வாங்கியது. சாயத்தில் பேக்கலைட் வகைப் பிசினைக் கலந்து, அடுப்பில் சுட்டு, பல நூற்றாண்டு காய்ந்ததுபோன்ற கடினத்தை அவர் வரவழைத்திருந்தார். போர் முடிந்த பிறகு, நாஜித் தலைவர் கோரிங்கிடம் சேர்ந்திருந்த இன்னொரு 'வெர்மீர்' காரணமாகக் கைதானபோது, தேசத்துரோகக் குற்றச்சாட்டிலிருந்து தப்ப, எல்லாம் தம் கைவேலை என்று அவரே ஒப்புக்கொண்டார். எம்மாவு படத்தை மட்டும் சிலர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தச் சந்தேகத்தை 1960களின் பிற்பகுதியில் தீர்த்துவைத்தது காரீயம்.

ஓவியர்கள் நூற்றாண்டுகளாகப் பயன்படுத்திய ஈய வெள்ளை, காரீயத்திலிருந்து செய்யப்படுவது. காரீயத் தாதுவில் யுரேனியம் சிறிதளவு கலந்திருக்கும். அது கதிர்வீசிப் படிப்படியாகச் சிதைந்து ரேடியம்-226 (எண், அணுவின் நிறையைக் குறிப்பது), ரேடான், காரீயம்-210, பொலோனியம்-210 என்று இறங்கிக் கடைசியில் சிதையாத காரீயம்-206 ஆக அடங்குவது பள்ளிப் பாடம். தாது மண்ணுக்குள் கிடக்கும்வரை, சிதையும் காரீயம்-210க்கு ஈடாகப் புதியது வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். அதை உருக்கும் நாளில்தான், எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுக்காத அந்தக் காரியம் நடக்கிறது. ரேடியம் வேதியியல் குணத்தில் வேறானது என்பதால் பெரும்பகுதி கசடோடு போய்விட, காரீயம்-210 மற்றக் காரீயத்திலிருந்து வேதியியல்படி பிரிக்கவே முடியாதது என்பதால் உலோகத்தோடேயே தங்கி, சாயத்துக்குள்ளும் வந்துவிடுகிறது. வாய்க்கால் அடைபட்ட குளத்துக்குச் சிறு கசிவு மட்டும் வந்துகொண்டிருந்தால், நீர்மட்டம் இறங்கி இறங்கி அந்தக் கசிவு தாங்கும் அளவில் நிற்பதுபோல, காரீயம்-210இன் சிதைவு வேகமும் 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகி, ஓரிரு நூற்றாண்டுகளில் எஞ்சிய சொற்ப ரேடியத்தின் வேகத்துக்குச் சமமாகிவிடுகிறது. இரண்டும் சமமானால் சாயம் பழையது. காரீயம்-210 மிகுந்திருந்தால், அந்தக் காரீயம் உருக்கப்பட்டு அதிகக் காலம் ஆகவில்லை.

அமெரிக்க ஆய்வாளர் பெர்னார்ட் கெய்ஷ் இதை அளந்து பார்த்தார். காரீயம்-210க்குப் பதிலாக, அதோடு சமநிலைக்கு வந்துவிட்ட பொலோனியத்தை எண்ணுவது எளிது. வெர்மீரின் 'சரிகை பின்னும் பெண்' ஓவியத்தில், ஒரு கிராம் காரீயத்துக்கு நிமிடத்தில் பொலோனியம் 1.5, ரேடியம் 1.4 சிதைவுகள் இருந்தன. எம்மாவு படத்திலோ பொலோனியம் 8.5, ரேடியம் வெறும் 0.8. அது 300 ஆண்டுப் பழமை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டு, மிகுதியான 7.7ஐப் பதின்மூன்றரை முறை இரட்டித்துப் பின்னோக்கிப் போனால், உருக்கிய நாளில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் சிதைவுகள் இருந்திருக்க வேண்டும். அவ்வளவு யுரேனியம் செறிந்த காரீயத் தாதுவை எதிர்பார்க்கவே முடியாது. நிபுணரின் கண் ஏமாந்த இடத்தில் அணு ஏமாறவில்லை.

ஆனால் வயது வேறு, மதிப்பு வேறு. 2011இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வொன்றில், மூளை ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்கு ரெம்பிராண்டின் அசல்களும் நகல்களும் காட்டப்பட்டன. எது உண்மையில் அசல் என்பதைப் பார்வையைக் கையாளும் பகுதிகள் பிரித்தறியவில்லை. 'இது அசல்' என்று சொல்லப்பட்டபோதுதான் வெகுமதி உணர்வோடு தொடர்புடைய பகுதி தூண்டப்பட்டது. கோவிலில் சிலர் உணரும் சக்தியும் இந்த வகையைச் சேர்ந்ததாகவே இருக்கும். இதை வைத்து, மதிப்பென்பது வெறும் பெயர்ச்சீட்டு என்று முடிவு கட்டுவோரும் உண்டு. அமெரிக்க மெய்யியலாளர் நெல்சன் குட்மன் 1968இலேயே இதற்கு மறுமொழி சொல்லிவிட்டார். இன்று எனக்குத் தெரியாவிட்டாலும் வேறுபாடு உண்டு என்று அறிந்திருப்பது, அதைக் கண்டுபிடிக்கும்படி என் பார்வையைப் பழக்குகிறது என்பது அவர் வாதம். நடந்ததும் அதுவே: போலிகள் வெர்மீர் வரிசையிலிருந்து விலக்கப்பட்ட பிறகு, அவற்றுக்கும் வெர்மீருக்கும் உள்ள தூரம் சாதாரணப் பார்வையாளருக்கும் தெரியத் தொடங்கியது. குட்மன் சொன்ன இன்னொன்று, இசைக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பது. ஒரு கீர்த்தனையைச் சரியாகப் பாடும் ஒவ்வொருவர் குரலிலும் இருப்பது அதே கீர்த்தனைதான். பலகை அப்படியல்ல. ஆலை வேலை முடிந்து வந்த ஒரு கை எங்கே தயங்கியது, எந்த வண்ணம் தீர்ந்துபோக எதைக் கலந்து சமாளித்தது என்பதெல்லாம் அதன் சாய அடுக்குகளில் இருக்கிறது. ஸ்கேன் எடுப்பது மேற்பரப்பை மட்டுமே.

நம் பலகையில் ஈய வெள்ளை இருந்தால், அதன் காரீயம்-210 இப்போது ஏறத்தாழ நான்கு முறை பாதியாகியிருக்கும். 1920 வாக்கில் விற்பனைக்கு வந்த டைட்டானியம் வெள்ளை இருந்தாலும் அதுவும் ஒரு தகவலே. பேராக் மாநிலத்தின் வெள்ளீயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற அமாங் மணலில் கதிரியக்கம் உண்டு என்பதால், இத்தகைய அளவீடு நம் நாட்டு ஆய்வகங்களுக்குப் புதிதல்ல. தோட்டத்துக் கோவில்களின் படங்களையும் சுதைகளையும் ஆராய நிதி கேட்டால் மட்டும் அது ஆடம்பரமாகப் பார்க்கப்படுகிறது. திருவிழா வாணவேடிக்கைக்கு மனமுவந்து கொடுக்கும் நாமும் இதற்குக் கை நீட்டுவதில்லை. விலை பேசுவதற்கு முன், பலகையின் ஓரத்திலிருந்து ஒரு சாயத் துணுக்கையாவது பல்கலைக்கழக வேதியியல் துறை ஒன்றுக்கு அனுப்பிப் பார்க்கும்படி நிர்வாகக் குழுவிடம் ஆசிரியர் கேட்கலாம்.