கைக்குத் தெரிகிறது, உங்களுக்கு?

அவர் பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் வலக்கையை இழந்தவர். மலேசியாவின் பினாங்கில் செயற்கைக் கை, கால் பொருத்தும் எங்கள் அறையில், காகிதக் குவளையில் தேநீரைப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தார். கைப்பேசி ஒலித்தது. திரும்பினார், முன்கைத் தசை இறுகியது, குவளை நசுங்கியது. சூடு அவருக்குத் தொடையில்தான் தெரிந்தது.

இந்தக் கைகள் தசை சுருங்கும்போது எழும் சிறு மின்துடிப்பால் இயங்குகின்றன. கட்டளை கைக்குப் போகிறது, பதில் திரும்பி வருவதில்லை. தோல் செய்யவேண்டிய வேலையைக் கண் செய்கிறது.

மறுவாரம் விளம்பரத் தாளோடு வந்தார். "சென்சார் வைத்த கை, அண்ணே. எல்லாம் உணருமாம்." விலைக்கு ஒரு புது மைவி காரே வாங்கிவிடலாம்.

யார் உணர்வது? இதைத்தான் எல்லாரிடமும் கேட்கிறேன். விற்பனைக்கு வரும் பல கைகளில், பொருள் நழுவினால் சென்சார் கண்டுபிடித்து விரல்களைத் தானே இறுக்கும். நல்ல வசதிதான். ஆனால் தெரிவது கைக்கு, உங்களுக்கல்ல. சிலவற்றில் இழந்த கையின் எஞ்சிய பகுதியில் ஓர் அதிர்வு கிடைக்கும். அதைத் தொடுவுணர்வு என்று விற்பது கொஞ்சம் அதிகம்.

செயற்கைக் கைக்குத் தொடுவுணர்வு தர ஆய்வாளர்கள் உருவாக்கும் மின்தோல் என்பது வளையும் மெல்லிய ஏடு. அழுத்தினால் அதன் மின்தடையோ மின்தேக்கமோ மாறும். ரோபோவுக்கு இது போதும், கம்பி நேரே கணினிக்குப் போய்விடும். மனிதனில் மறுமுனையில் இருப்பது நரம்பு, சங்கடமே அங்கேதான். 2013-இல் ரோமில் டென்மார்க்காரர் ஒருவரின் கை நரம்புகளுக்குள் மின்முனைகளை வைத்தார்கள். கண்ணைக் கட்டிய நிலையிலும் பொருளின் வடிவத்தையும் கடினத்தையும் சொன்னார். 30 நாளில் அவற்றை அகற்றிவிட்டார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2018-இல் அறுவை இல்லாமல், எஞ்சிய கைப்பகுதியின் தோல்வழியே நரம்பைத் தூண்டியது. அணிந்தவர் கூர்மையையும் உருண்டையையும் இழந்த விரல்களிலேயே பிரித்தறிந்தார். ஆய்வுக்கூடத்தில் இது அற்புதம். நம் ஊர் வியர்வையில், பாத்திரம் கழுவும் தண்ணீரில் தினமும் உழைக்க இன்னும் நாளாகும்.

ஆகவே கடன் வாங்குவதற்கு முன், வேலையிடத்து விபத்தென்றால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் விசாரியுங்கள். விற்பவர் எதிரிலேயே கண்ணை மூடிக்கொண்டு ஒரு முட்டையைப் பிடித்துப் பாருங்கள்.

பிறைக்காரரும் அப்படியே செய்து பார்த்தார். முட்டை உடையவில்லை. "ஆனால் அது கையில்தான் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன், அண்ணே."